ஏழாம் தொட்டியின் மூடி

காலையில் வேலைக்கு வந்ததும் மேற்பார்வையாளரின் கண்ணில் முதலில் பட்டது ஏழாம் தொட்டியின் மீட்டர்தான். மற்ற தொட்டிகளின் முள்ளெல்லாம் சோம்பிக் கிடக்க, அது மட்டும் கடைசிக் கோட்டைத் தாண்டித் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த தொட்டி அது.

ஊர்ச் சாக்கடையைத் தின்று மின்சாரம் கக்கும் பாக்டீரியாவாம்! பூமியைக் காப்பாற்ற வந்த அவதாரமாம்! பத்து மணிக்குப் பார்வையிட வரும் பெரிய மனிதர்கள் அப்படித்தான் உருகுவார்கள். கழிவைத் தின்கிற அற்பத்துக்கு இத்தனை மரியாதையா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைவிட இளக்காரமாக அவர் நினைத்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான். மனைவியின் தம்பி. அவள் கெஞ்சினாளே என்று இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். நேற்று மாலைகூட அவனிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"ஏழாம் தொட்டி பாக்டீரியாவுக்குச் சர்க்கரைத் தண்ணிய ஊத்திட்டு உடனே மூடியப் போடு. காத்து உள்ள போனா கரண்ட் வராது. மண்டையில ஏறுச்சா?"

"ஏறுச்சு மாமா."

அரைமணி கழித்து வந்து பார்த்தால் மூடி ஆவென்று திறந்து கிடந்தது. ஆளைக் காணோம். தண்டச்சோறு, டீ குடிக்கப் போயிருக்கும் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், மூடியை இழுத்துப் போட்டு எட்டு போல்ட்டையும் அவரே முறுக்கிவிட்டுப் போனார்.

கைபேசி அடித்தது. மனைவி.

"தம்பி ராத்திரி வீட்டுக்கே வரலையாம், அம்மா அழுறாங்க. அங்க இருக்கானா?"

கைபேசியைக் காதில் வைத்தபடியே அவர் ஏழாம் தொட்டியருகே போனார். கொட்டகையில் என்றைக்கும் குடலைப் பிடுங்கும் அழுகல் நாற்றம் இன்று இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பதில், காய்ச்சல்காரனின் மூச்சுபோல் வெதுவெதுப்பாக, லேசாகத் தித்திக்கும் ஒரு வாடை. கம்பிகள் ரீங்கரித்தன. அந்த ரீங்காரத்துக்கும் கீழே இன்னொரு சத்தம்.

டொக். டொக்.

மூடிக்கு அடியிலிருந்து.

"மச்சான்?" மூடிமேல் குனிந்தார். "மச்சான், நான்தான்டா!"

டொக் டொக் டொக்.

உயிரோடு இருக்கிறான்! ஸ்பானரை எடுத்துக் கழற்றத் தொடங்கினார். ஒரு போல்ட். இன்னொன்று. விரல் கிழிந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவனுக்காக அழுதார். எட்டாவது போல்ட். மூடியைப் புரட்டித் தள்ளினார்.

சேற்றின்மேல் அவனுடைய சட்டை மிதந்தது. ஒரு பொத்தான்கூடக் கழற்றப்படவில்லை. சட்டைக்குள் ஆள் இல்லை.

டொக்.

புரண்டு கிடந்த மூடியின் அடிப்பக்கம் முழுக்கக் கரிய பாசி அப்பியிருந்தது. அந்தப் பாசியே திரண்டு, ஐந்து விரலையும் மடக்கிய ஒரு கையாகி, இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தது.