தலை போன மேய்ப்பன்

"ஐயோ... தொரையோட தலையைக் காணோம்!"

டோரீன் போட்ட கூச்சலில் வட்டகொடைத் தோட்டமே மாதா கோயிலுக்கு ஓடி வந்தது. பின்னாலேயே போலீஸ் சார்ஜனும் வந்து சேர்ந்தார்.

பிணம் இல்லை. பீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல். அதில் நல்ல மேய்ப்பன். கழுத்துக்கு மேலே... ஓட்டை!

கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை, ஆண்டவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டவன். திமிர்! எண்பத்து மூன்றாம் வருசக் கலவரத்தில் கல்லெறிந்தவன்கூட அந்த முகத்தைத் தொடவில்லை. காலடி ஆடுகளைத்தான் நொறுக்கினான். சனங்கள் மருந்துப் போத்தல் கண்ணாடியை வைத்து ஆடுகளை ஒட்டுப் போட்டார்கள்.

"சாவி ஒன் மகன் ஜூட்கிட்டதானே? அவன்தான் கள்ளன்! வண்டியில ஏத்துங்க சார்ஜன்!"

டோரீனைப் பார்த்து உறுமியவன் தோட்டத்து மேனேஜர் நிரஞ்சன். நம்மாள்தான். நாற்காலி கிடைத்ததும் அவனும் துரை!

ஜூட்டின் கையில் விலங்கு விழுந்தது.

டோரீன் அழவில்லை. பீடத்தைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் சேற்றுத் தடம்!

"சார்ஜன் ஐயா, நில்லுங்க! மேல ஏறினவன் சப்பாத்தோட ஏறியிருக்கான்."

"அதுக்கு?"

"எங்க ஆளு களவெடுக்க வந்தாலும் வாசல்ல கழட்டிட்டுத்தான் வருவான்! நீங்களே கழட்டிட்டுத்தானே நிக்கிறீங்க?"

சார்ஜன் குனிந்தார். காலுறை ஓட்டையில் அவர் பெருவிரல் எட்டிப் பார்த்தது. சுற்றிலும் வெறுங்கால்கள்...

ஒரே ஒரு ஜோடி சப்பாத்து. நிரஞ்சனுடையது!

"ஆபீஸ்லயும் ஒரு சாவி இருக்குல்ல, தொரை?" என்றாள் டோரீன்.

"ஏய்! யாருகிட்டப் பேசுறே?"

"தொரை... காலைத் தூக்குங்க," என்றார் சார்ஜன்.

தடம் அச்சு அசலாகப் பொருந்தியது!

வெளியே துரையின் ஜீப்பைத் திறந்தார்கள். சாக்குக்குள் வெள்ளைக்காரன் தலை. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் இன்னொரு கண்ணாடித் தலை! புத்தம் புதுசு... தங்க ஒளிவட்டம்... முறுக்கு மீசை...

நிரஞ்சனின் மூஞ்சி!

"இது என்னா, தொரை?"

"பழசு களவு போனாத்தானே... புதுசு மாட்ட முடியும்..." நிரஞ்சன் முனகினான். "கேட்டா கோயில் கமிட்டி விடாது, சார்ஜன்..."

ஜூட்டின் விலங்கு துரையின் கைக்கு மாறியது.

டோரீன் சேலைத் தலைப்பை உதறிச் செருகினாள்.

"மூஞ்சி ஜன்னல்லதானே தெரியணும், தொரை? ஸ்டேஷன்ல நல்ல கம்பி ஜன்னலா இருக்கு... போய் நில்லுங்க!"