அலுமாரி தூக்காத கை

“நீங்க முன்னால போங்கோ...”

பாருங்களேன், திரும்பவும் அதேதான். முதலில் பொல்லு ஊன்றி வந்த ஒரு ஐயாவுக்கு வழிவிட்டான். பிறகு கைப்பிள்ளையோடு வந்த ஒரு பெண்ணுக்கு. எவ்வளவு தங்கமான பிள்ளை என்று வரிசையே நினைத்துக்கொண்டிருந்தது... நிவேதிகாவும் அப்படித்தான் நினைத்தாள். இப்போது அவன் திரும்பி அவளுக்கே வழிவிடுகிறான்.

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். மழை விட்ட பிறகு துறைமுகத் தண்ணீர் ஒரு நிறம் காட்டுமே, கறுப்பா கபிலமா என்று சொல்ல முடியாமல்... அந்த நிறம். ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கச் சொல்லும் கண்கள்தான். ஆனால் அவளைப் பிடித்து நிறுத்தியது கண் இல்லை. குரல்.

இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். எங்கே... எங்கே கேட்டது?

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்துக் கூரையில் ஜனவரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொரோனாவுக்குப் பூஸ்டர் ஊசி போடும் நாள். ஊசி மேசை வரைக்கும் கதிரைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். முன்னால் ஒருவர் எழும்பிப் போனால் வரிசை முழுவதும் ஒரு கதிரை நகர வேண்டும். யாரோ இருந்து சூடாக்கிய கதிரையில் நாம், நாம் சூடாக்கியதில் பின்னால் இருப்பவர். எல்லோரும் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, அவன் மட்டும் ஒவ்வொருவராக முன்னால் அனுப்பிவிட்டு அசையாமல் இருந்தான். அப்படித்தான் அவனுக்கு அடுத்த கதிரை நிவேதிகாவுக்கு வந்தது.

“உங்கட முறைதானே, நீங்க போங்கோ,” என்றாள்.

“எனக்கு அவசரமில்லை...” என்றவன், பிறகு தனக்குத்தானே மிக மெல்ல, “நாளைக்கும் இந்தக் கை வேலை செய்யுமோ தெரியாது,” என்றான்.

கை. அவ்வளவுதான்... பளிச்சென்று விளங்கிவிட்டது.

வீட்டுக் குசினியில், தேங்காய் திருவும் சத்தத்துக்கு நடுவே, அம்மாவின் போனில் நாள் தவறாமல் ஓடும் குரல் அது. சோகமான புல்லாங்குழல் வேறு பின்னால். திருகோணமலையில் அது வராத வட்ஸ்அப் குழு கிடையாது.

“அக்கா... என்னால ஏலாதக்கா. நேற்றுத்தான் பூஸ்டர் போட்டனான். கை விளங்காமப் போட்டுது. விரல் கூட மடங்குதில்லை. டொக்டரே கைவிட்டிட்டார்...”

அதற்குப் பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில்தான் எல்லோரும் விழுந்தார்கள். அம்மாவும்.

அம்மா கமலாதேவிக்கு மூச்சு இழுப்பு. போன வருஷம் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வெயிலிலும் மழையிலும் கேற்றடியில் நின்றவள் நிவேதிகா. இன்னொரு தடவை வந்தால் இந்த மூச்சு தாங்காது, பூஸ்டரைக் கட்டாயம் போடுங்கோ என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அம்மாவுக்கு டொக்டரை விட அந்தப் பெருமூச்சில்தான் நம்பிக்கை. பாவம் சின்னப் பெடியன், கை போட்டுதே என்று கண் கலங்குவாள். தான் முதலில் போட்டுக் காட்டினாலாவது அம்மா மனம் மாறுவாளா என்றுதான், தான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு இன்று இவள் வந்தது.

அந்தக் கை போன பெடியன்... இரண்டு கையோடும் பக்கத்துக் கதிரையில் இருக்கிறான். அதுவும் இன்னும் பூஸ்டரே போடாமல்.

நிவேதிகா கொஞ்சம் குனிந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பெருமூச்சோடு சேர்த்துச் சொன்னாள்.

“அக்கா... என்னால ஏலாதக்கா...”

அவன் கதிரை கிறீச்சிட்டது. அந்தக் கண்கள்... அப்பப்பா, பால் சட்டிக்குள் தலையோடு பிடிபட்ட பூனைக்குட்டிதான்.

ஒவ்வொரு கதிரையாக நகர நகர, கதையும் துண்டு துண்டாக வெளியே வந்தது. பெயர் யதுர்சன். துறைமுகத்தடியில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற கடையில் வேலை. அக்கா வீடு மாறினாளாம். அவளுடைய தேக்கு அலுமாரியை மாடிக்கு ஏற்ற வரச் சொன்னாளாம். அன்றைக்குப் பார்த்து கிரிக்கெட் மேட்ச். எழும்பிப் போகச் சோம்பல், பஞ்சி; வாயில் வந்த பொய்யைப் பேசி அனுப்பிவிட்டான். அக்கா அழுதுகொண்டே அதைச் சிநேகிதிக்கு அனுப்ப, சிநேகிதி தன்னுடைய குழுவில் போட, அது மூதூர், கிண்ணியா, திரியாய் என்று ஊர் சுற்றி, எங்கேயோ ஒரு புல்லாங்குழலையும் சேர்த்துக்கொண்டு அவனுடைய போனுக்கே திரும்பி வந்தது. கை சுகமாகிவிட்டது என்று அக்காவைச் சமாளித்துவிட்டான். ஊரை யார் சமாளிப்பது?

“அப்ப இதில என்ன பயம்? உங்கட பொய்தானே?”

“ஓம், என்ர பொய்தான். ஆனா இவ்வளவு பேர் சொல்லேக்க... ஒருவேளை உண்மையா இருக்குமோ எண்டு வருது.”

கோபம்தான் வர வேண்டும். வந்ததும்தான். ஆனால் மாஸ்க்குக்குள் உதடு அவளைக் கேட்காமலே சிரித்துவிட்டது. சொந்தப் பொய்க்கே பயந்து நடுங்குகிற ஒருவனை அவள் இதுவரை கண்டதில்லை... நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

வழிவிட இனி ஆள் இல்லை. அவன் எழும்பினான். நின்றான். திரும்பினான். கொஞ்சம் பக்கத்தில் நிற்பீர்களா என்று குரலே வெளியே வராமல் கேட்டான். தினமும் எஞ்சின் சுமக்கிற தோள் அது. அதில் ஊசி இறங்கியபோது அவன் ஊசியைப் பார்க்கவில்லை. அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிஞ்சுது தம்பி, எழும்புங்கோ என்று நேர்ஸ் சொல்லியும் பார்த்துக்கொண்டிருந்தான். நிவேதிகாதான் முதலில் கண்ணை எடுத்தாள். பிறகு தனக்கு எப்போது ஊசி போட்டார்கள் என்பது அவளுக்குச் சரியாக நினைவில்லை.

ஊசி போட்டவர்களைக் கொஞ்ச நேரம் இருத்தி வைத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள். ஜன்னலோரமாக இரண்டு கதிரைகள் காலியாக இருந்தன. வெளியே மழைக்குள் உள்துறைமுகம் சாம்பலாய்க் கிடந்தது. நங்கூரம் போட்ட ஒரு கப்பல் தெரிந்தும் தெரியாமலும்... அங்கே வைத்துத்தான் அவள் கேட்டாள். அம்மாவின் இழுப்பைப் பற்றி, அந்த ஆஸ்பத்திரிக் கேற்றைப் பற்றி எல்லாம் சொன்னாள். ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து, அது பொய்யென்று அதே குரலால் சொன்னால் போதும் என்றாள்.

விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். ஏலாது என்றான். ஊருக்கே தெரிந்துவிடும். கடையில் ஆயுள் முழுக்கப் பகிடி பண்ணுவார்கள். அக்காவின் முகத்தில் முழிக்க முடியாது.

“உங்கட வெக்கம் பெரிசோ, என்ர அம்மாட மூச்சுப் பெரிசோ?”

அவன் மறுபடி விரல்களை மடக்கத் தொடங்கினான். அவள் எழும்பினாள். வாகை மரத்தடி ஒழுங்கை, நீலக் கேற், மனம் வந்தால் வாங்கோ என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த குடையை விரிக்கவும் மறந்து மழைக்குள் இறங்கிப் போனாள்.

பின்னேரம் அவளுக்கு ஊசி போட்ட கை வலித்து உளையத் தொடங்கியது. அம்மா பின்னாலேயே நின்று அந்தக் கையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். நிவேதிகா பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, விறாந்தைக் கொடியில் கிடந்த சீலையை இழுத்து எடுத்தாள். பார்த்தீங்களோ, ஒண்டுமில்லை என்றாள். அந்தப் பெடியனுக்கும் அடுத்த நாள்தானாம் தெரிஞ்சது என்றாள் அம்மா.

அந்தப் பெடியன்... அவனுக்கும் இப்போது இப்படித்தான் உளையுமோ? உளைந்தால் இவளுக்கென்ன? ஆனாலும்... அந்த மாஸ்க்குக்குக் கீழே என்ன முகம்? மீசை இருக்குமோ? சிரித்தால் கன்னம் குழியுமோ? இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் இந்த ஆராய்ச்சி அவளை விடவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் போனில் அதே குரல். புல்லாங்குழல் இல்லை. பெருமூச்சும் இல்லை.

“நான் யதுர்சன். அலுமாரி தூக்கப் பஞ்சியில அக்காவுக்குச் சொன்ன பொய் அது. என்ர கைக்கு ஒண்டுமில்லை. இப்பதான் உண்மையா ஊசி போட்டனான். எல்லாரும் போடுங்கோ... என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

நிவேதிகா அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். சொல்லிவிட்டானே... பெயரோடு, ஊருக்கே. ஏலாது என்றவன்.

அம்மா? தேங்காய் திருவுவதைக்கூட நிறுத்தவில்லை. முதல் சொன்னது மனதிலிருந்து வந்ததாம், இது யாரோ எழுதிக் கொடுத்து வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம். பெடியனை ஆரோ வெருட்டிச் சொல்ல வைச்சிருக்கினம் என்று இன்னும் கொஞ்சம் இரங்கினாள். அம்மாவும் இருக்கிற அந்தக் குழுவில் அக்காவின் சிநேகிதி போட்டதோடு சரி. பொய்க்குப் புல்லாங்குழல் வைத்து அனுப்பிய ஊர், உண்மையை ஒருவருக்கும் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலக் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது.

வாசலில் நின்று மாஸ்க்கை நாடிக்கு இறக்கினான். மீசை இல்லை. அவசரமாகச் சவரம் செய்த ஒரு சின்ன வெட்டுக்காயம். கன்னம் குழியவில்லை, ஆனால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. அவள் நினைத்து வைத்திருந்த எந்த முகமும் இல்லை அது. அதெல்லாவற்றையும் விட நல்லாயிருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை.

கமலாதேவி லேசில் விடவில்லை. அவனை எட்டத்தில் நிறுத்தி அந்தப் பழைய வசனத்தைச் சொல்லச் சொன்னாள். சொன்னான். பெருமூச்சையும் விடச் சொன்னாள். விட்டான்... வெட்கத்தில் காது வரைக்கும் சுட்டிருக்கும். கண்ணை மூடிக் கேட்டவள், மெல்லத் திறந்து அறைப்பக்கம் கையைக் காட்டினாள்.

“அப்ப தம்பி, உந்த அலுமாரியை அந்த மூலைக்கு வை பாப்பம்.”

அப்பா இருந்த காலத்திலிருந்து அசையாத முதிரை மரத்து அலுமாரி அது. யதுர்சன் சேர்ட் கையை மடித்தான். அவளை ஒருக்காப் பார்த்தான்... ஊசி போட்டபோது பார்த்தானே, அதே பார்வை. பிறகு இடது கையை அடியில் கொடுத்தான். ஒரு பக்கம் தூக்கி வைத்தான், மறுபக்கம் தூக்கி வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. அலுமாரி முனகிக்கொண்டே மூலைக்குப் போய் நின்றது.

அம்மா கிட்டப் போய் அவனுடைய இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விட்டாள். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனாள். குசினிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“நிவே... நாளைக்கும் ஊசி போடினமோ?”

நிவேதிகா சடக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்ததை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று. அவன் பார்த்துவிட்டான்.

அடுத்த நாள் ஓட்டோவில் யதுர்சனும் வந்தான். போகும் வழியிலேயே மூவரும் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். கதிரை கதிரையாக அம்மா நகர்ந்தாள், ஒருவருக்கும் வழிவிடவில்லை. ஜன்னலோரத்தில் இருத்தியபோது அம்மாவின் மூச்சு சீராக ஏறி இறங்குவதையே நிவேதிகா பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவளை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு முடிந்ததா? மறுநாள் காலை அம்மா போனை வாயருகே பிடித்து, “தம்பி, என்னால ஏலாது. கை உளையுது. அலுமாரி அந்த மூலையில வடிவில்லை, வந்து பழைய இடத்திலயே வை...” என்று சொல்லி, முடிவில் ஒரு நீண்ட பெருமூச்சும் விட்டு அவனுக்கு அனுப்பினாள். நிவேதிகா முறைத்தாள். அம்மா இரண்டு கையாலும் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

அவன் வந்தான். தூக்கி வைத்தான். தேத்தண்ணி குடித்தான். போனான். சைக்கிள் ஒழுங்கை முடக்கைக் கூடத் தாண்டியிருக்காது, நிவேதிகாவின் போன் சிணுங்கியது.

“நிவேதிகா... இதை மட்டும் ஆருக்கும் அனுப்பிப்போடாதீங்கோ. பயத்தில ஆக்களை முன்னால விட்டனான் எண்டு சொன்னனான்தானே, அது முழு உண்மையில்லை. உங்களுக்கு வழிவிட்டது பயத்தில இல்லை. திரும்பி ஒருக்கா உங்கட கண்ணைப் பாக்கத்தான். எனக்கு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

மழை திரும்பத் தொடங்கியிருந்தது. அவள் வாகை மரத்தடிக்கு வந்து, போனைக் காதோடு ஒட்டி வைத்து மறுபடி கேட்டாள். மறுபடியும். புல்லாங்குழல் இல்லை. பெருமூச்சு இல்லை. ஆனால் அந்த இரண்டு ‘எனக்கு’க்கும் நடுவில் ஒரு சின்னத் தடுமாற்றம்... மூச்சு எங்கேயோ சிக்கிக்கொண்ட மாதிரி. அவள் பதிவுப் பட்டனை அழுத்திப் பிடித்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் மழைச்சத்தம்தான் முதலில் பதிவானது. பிறகு சொன்னாள்.

“அலுமாரிக்காக இனி வர வேண்டாம்... எனக்காக வாங்கோ.”

அலுமாரி தூக்கப் பஞ்சிப்பட்டு ஒரு ஊரையே ஏமாற்றியவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தடுமாற்றம்... அதை யாராலாவது நடிக்க முடியுமா? நிவேதிகா நம்பிவிட்டாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்... நம்பலாம்தானே?