முன்னிடைநிலை ஆங்கிலம், பதினெட்டுப் பேர்

காலை ஆறு மணிக்குள் ஜெபக்கனி தன் மகளோடு நாற்பது நிமிடம் பேசி முடித்திருந்தாள். அப்போது ஜெபக்கனி தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்ததும் இமைக்குள் மூன்று வரி ஓடியது. ‘ஷீபா நலம். கல்லூரிப் பக்கம் மழை. நீங்களும் நலம் என்று சொல்லப்பட்டது.’ ஜெபக்கனி எழுந்து பல் தேய்க்கப் போனாள்.

சீரிஸில் இதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் அந்தக் குறுங்கோளில் வெள்ளை வெளேரென்று உப்புப் பாறைகள் உண்டு. அவை ஏலத்துக்கு வந்தபோது பெரிய நாடுகளெல்லாம் குழு போட்டு யோசித்துக்கொண்டிருந்தன. உப்பைப் பற்றி நமக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று தூத்துக்குடிக்காரர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். அதனால் அங்கே குடியிருக்கும் தொள்ளாயிரம் பேரில் ஏறக்குறைய எல்லோருமே தமிழர்கள்.

பூமியோடு பேசுவதுதான் சிக்கல். ஒரு சொல் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம், பதில் வர இன்னொரு இருபத்தைந்து. ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுப் பதில் வருவதற்குள் சாப்பிட்டது செரித்துவிடும். இதற்காகத்தான் பதிலி வந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கடுகளவு சில்லு. உங்கள் குரல், கோபம், சிரிப்பு, நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பொய்கள் எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளும். அதன் நகல் ஒன்று பூமியில் இருந்துகொண்டு உங்கள் வீட்டாரோடு தாமதமின்றிப் பேசும். வந்துபோகும் கப்பல்காரர்களின் நாற்பது மொழிகளையும் பெயர்த்துச் சொல்லும்.

நல்ல சாமான்தான். ஆனால் பூமிக்கென்று வாங்கியதை மனிதர்கள் பக்கத்து அறைக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நலம் விசாரிப்பு, மன்னிப்பு, துக்கம் கேட்பது எல்லாம் பதிலி வழியே நடந்தன. நடைபாதையில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் இரண்டு பதிலிகளும் பேசி முடித்துவிடும். சொந்தக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டே போய்விடுவார்கள்.

ஜெபக்கனி ஒருமுறை தன் பதிலியும் ஷீபாவும் பேசிய பதிவைக் கேட்டாள். கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது, அந்தப் பக்கம் பேசியதும் ஷீபாவின் பதிலிதான். இரண்டும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தன. நடுவில் புகுந்து கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பத்து வருட ஒப்பந்தத்தில் ஆறு முடிந்திருந்தது. பூமியில் ஆங்கிலம் முறையாகப் படித்த கடைசிச் சிலரில் அவளும் ஒருத்தி. பெயர்ப்பதற்குப் பதிலி இருக்கும்போது மொழியை யார் படிப்பார்கள்? ஆனால் கப்பல்களின் அவசர விதிகள் நூறு வருடத்துக்கு முன்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றை மாற்ற எவருக்கும் நேரமில்லை. சூரியப் புயலில் பதிலிகள் செயலிழந்தால் மனித வாய்தான் பேசியாக வேண்டும். ஆகவே இந்த வருடத்திலிருந்து குடியிருப்புதோறும் முன்னிடைநிலை ஆங்கில வகுப்பு ஒன்று கட்டாயம். சுவிட்சு, வால்வு, சாரி, தேங்க்ஸ் என்று தமிழில் கலந்து கிடப்பதை வைத்தே எல்லோரும் ஆரம்பநிலையைத் தாண்டிவிடுவார்கள் என்பதால் அந்த நிலை.

விதிகள் இரண்டே. வகுப்பில் பதிலியை அணைத்துவிட வேண்டும். தினமும் குறைந்தது பன்னிரண்டு பேர் வர வேண்டும். ஒரு மாதம் அப்படி வராவிட்டால் வகுப்பை மூடி, ஆசிரியையை உப்புத் தரம்பிரிக்கும் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே எந்திரங்கள் மட்டும்தான். மனிதக் குரலே கேட்காது. ஒருநாள் அந்தக் கூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தபின் ஜெபக்கனி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனவே பாடத்திட்டத்தை உயிரைக் கொடுத்துத் தயாரித்தாள். மாணவர்களுக்கு எது தேவை என்று ஆராய்ந்து இருபது பாடம் போட்டாள். காற்றுக் கசிவுக்கு எட்டு, தீக்கு நான்கு, கப்பல் மேடைக்கு ஐந்து, மருத்துவத்துக்கு மூன்று. முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஏழு பேர்தான்.

அந்த ஏழு பேரில் ஒருவர் தங்கப்பழம் அண்ணாச்சி. கப்பல் மேடைக்கருகே கடை வைத்திருப்பவர். விண்ணுடைக்கான ரப்பர் வளையத்திலிருந்து இறால் பொடி வரை அவரிடம் கிடைக்கும். வகுப்பு முடிந்தபின் அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“உங்க சரக்கு போணியாகாது. காத்து கசியுறதுக்கு எட்டுப் பாடம் வச்சிருக்கீங்க. கசிஞ்சா மனுசன் இங்கிலீஷ்லயா கத்துவான்? எம்மான்னுல்லா கத்துவான்?”

“அவசரத்துக்குன்னுதான இந்த வகுப்பே?”

“அவசரம் வருசத்துல ஒருநாள் வரும். மிச்ச முந்நூத்தி அறுவத்தி நாலு நாளைக்கு என்ன வச்சிருக்கீங்க?”

மேசையில் கிடந்த பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பூங்கா பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் படம்.

“இந்தா, இந்த ரெண்டு பேரப் பாருங்க. வேலவெட்டி இல்லாதவனுவ. நேத்து என்ன செஞ்ச, ஒனக்கு எந்தப் பழம் பிடிக்கும், ஒங்க அக்கா எப்படி இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கானுவ. இதுல பத்துப் பாடம் போடுங்க. ஆளு நான் கொண்டாரேன்.”

“பத்தா? நாலு போடுதேன்.”

“எட்டு.”

“ஆறு. கசிவு ரெண்டாச்சும் இருக்கணும், இல்லன்னா மேல கேப்பாங்க.”

“பதினாறு டீச்சர்!”

“என்ன அண்ணாச்சி, எறங்கி வராம ஏறிப் போறீங்க?”

“நீங்க ஆறுன்னு சொல்லும்போது சிரிச்சீங்கல்லா. சிரிச்சா ஏத்திருவேன். எங்க கடையில அதான் வழக்கம்.”

கடைசியில் பதினான்குக்கு முடிந்தது. கசிவுக்கு இரண்டு, அதிலும் ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ‘நீங்கள் நலமா’ என்று கேட்பதுபோல் ஒரு பயிற்சி. தன் வாயாலேயே ஒருவரோடு பேரம் பேசி ஆறு வருடமாகிவிட்டது என்பது ஜெபக்கனிக்கு அறைக்குப் போனபின்தான் உறைத்தது.

புதிய திட்டம் தொடங்கிய மறுவாரமே பதினெட்டு இடங்களும் நிறைந்தன. வெளியே காத்திருப்போர் பட்டியல் வேறு. வகுப்பு மிக எளிது. இருவர் இருவராக உட்கார வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும்.

துளைப்பொறி ஓட்டும் லூர்துவுக்கு ஜோடி இசக்கியம்மாள், நீர்க்குழாய்ப் பிரிவுக்காரி. லூர்து புத்தகத்தைப் பார்த்து வியர்க்க வியர்க்கக் கேட்டான்.

“வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?”

“ஐ ஈட் இட்லி. ஒன்லி ஒன்.”

“ஒய் ஒன்லி ஒன்?” இது புத்தகத்தில் இல்லாத கேள்வி.

இசக்கியம்மாள் யோசித்தாள். யோசித்தது சொல்லுக்காகத்தான். “அலோன் ஈட்டிங்… நோ டேஸ்ட். மை ஹஸ்பண்ட் கோ. த்ரீ இயர்ஸ். அனதர் லேடி.”

“ஐ ஆம் சாரி,” என்றான் லூர்து.

மூன்று வருடமாக அவளிடம் எவரும் சொல்லாத சொல். ஜெபக்கனி பிழை திருத்த எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டாள். அன்று ஆசிரியையின் முறை வந்தபோது, “டூ யூ ஹேவ் சில்ட்ரன், டீச்சர்?” என்று கேட்டார்கள். அவள் நல்ல ஆங்கிலத்தில்தான் சொன்னாள், தன் மகள் தன்னை அழைப்பதில்லை என்று. பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் “ஐ ஆம் சாரி” என்றார்கள். பயிற்சிக்காகச் சொன்னார்களோ என்னவோ, அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஆறு மாதத்தில் தேர்வு வந்தது. தேர்ச்சி மதிப்பெண் நாற்பது. பதினேழு பேர் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதுமாக வாங்கித் தவறினார்கள். ஒன்றும் தெரியாதவனால் பத்து வாங்க முடியும். சரியாக முப்பத்தொன்பது வாங்க வேண்டுமானால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தேறினால் அடுத்த நிலை கிடையாது, வகுப்பை விட்டு வெளியே போக வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லூர்து மட்டும் கணக்குத் தவறி நாற்பத்தொன்று வாங்கிவிட்டான். விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

“டீச்சர், எப்படியாது ரெண்டு மார்க் கொறச்சிருங்க. உங்க கால்ல வேணாலும் விழுதேன்.”

“நல்லா எழுதியிருக்கியே லூர்து.”

“தெரியாம எழுதிட்டேன் டீச்சர்!”

ஜெபக்கனி விடைத்தாளை வாங்கி, ஒரு முற்றுப்புள்ளி மங்கலாக இருப்பதைக் கண்டுபிடித்து இரண்டு மதிப்பெண் குறைத்தாள். அவன் போனபின் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த தேர்விலும் எவரும் தேறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் காதில் ஒரு குரல் கேட்டது. குடியிருப்பு நிர்வாகி கோமதிநாயகத்தின் பதிலி. அவருடைய சொந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

“வணக்கம். இரண்டு தேர்வுகளிலும் தேர்ச்சி பூச்சியம். சீரிஸ்வாசிகளுக்கு ஆங்கிலம் வராது என்று வாரியம் முடிவு செய்துள்ளது. புயலிலும் செயலிழக்காத பெயர்ப்புக் கருவி ஒன்று கப்பல் மேடையில் பொருத்தப்பட்டுவிட்டது. திங்கள் முதல் வகுப்பு இல்லை.”

“சார்கிட்ட நேர்ல ஒரு வார்த்த பேசலாமா?”

“அவரைவிட நான் நன்றாகப் பேசுவேன் அம்மா.”

“அந்த ஒரு மணி நேரத்துலதான் இங்க மனுசங்க மனுசங்களோட பேசுதாங்க. அத எடுத்துட்டீங்கன்னா…”

“பேசட்டுமே. எல்லோருக்கும் தமிழ் தெரியும். பேச ஆங்கிலம் எதற்கு? அறை அப்படியே இருக்கட்டும். ஒரு மாதம் நாள்தோறும் பன்னிரண்டு பேர் வந்தால் உங்களை அறைப் பொறுப்பாளராக வைத்துக்கொள்கிறோம். வராவிட்டால் தரம்பிரிக்கும் கூடம்.”

பேச ஆங்கிலம் எதற்கு? ஜெபக்கனிக்கு மறுக்கத் தோன்றவில்லை. சொல்லப்போனால் சந்தோஷமாகக்கூட இருந்தது. உடைந்த ஆங்கிலத்தில் இவ்வளவு பேசியவர்கள் தாய்மொழியில் என்னவெல்லாம் பேசுவார்கள்! பாடத்திட்டம் வேண்டாம், புத்தகம் வேண்டாம். ஒரு மாதம் என்ன, ஒப்பந்தம் முடியும்வரை ஓட்டலாம்.

திங்கள் மாலை நான்கு மணிக்குப் பதினெட்டுப் பேரும் வந்தார்கள். அண்ணாச்சி பகோடா கொண்டுவந்திருந்தார். பதிலிகளை அணைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“இனிமே தமிழ்லயே பேசுவோம்,” என்றாள் ஜெபக்கனி.

எல்லோரும் புன்னகைத்தார்கள். பகோடா நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்புறம்?” என்றார் ஒருவர்.

“அப்புறம் என்ன, நீங்கதான் சொல்லணும்,” என்றார் இன்னொருவர்.

லூர்து இசக்கியம்மாள் பக்கம் திரும்பினான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தான். தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் நான்கு பேர் நடுவில் அதைக் கேட்டால் என்ன அர்த்தம் கொள்வார்கள் என்று தோன்றியது. பகோடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அமைதியைப் போக்க ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், “நமக்கு எந்த ஊரு?” என்று ஆரம்பித்தார்.

“குலசேகரன்பட்டினம் பக்கம்.”

“பக்கம்னா? அங்க எந்தத் தெரு?”

கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி எதற்கென்று முப்பது கோடி மைல் தள்ளியும் எல்லோருக்கும் தெரியும். பதில் சொல்ல வேண்டியவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். மாதக்கணக்கில் அருகருகே உட்கார்ந்து, ஒருவருக்குப் பிடித்த பழம் எது என்று மற்றவர் அறிந்திருந்த இரண்டு பேர் அவர்கள்.

சமையற்கூடத்து அம்மாள் ஒருத்தி இசக்கியம்மாளைத் தொட்டு, “ஏளா, ஒன் வீட்டுக்காரரு ஏன் விட்டுட்டுப் போனாரு? ஒனக்கு ஏதும் கொறையா?” என்று கரிசனமாகக் கேட்டாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவுக வேற கோள்ல வேலைக்குப் போயிருக்காக.”

பிறகு யாரோ ஜெபக்கனியைக் கேட்டார்கள். “மக எப்படி இருக்கா டீச்சர்?”

“நல்லாருக்கா. தெனமும் பேசுதோம்,” என்றாள் ஜெபக்கனி. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள்.

நாலேகாலுக்குள் ஒருவர் பின் ஒருவராகக் காதுக்குப் பின்னால் கைவைத்துப் பதிலியை எழுப்பிக்கொண்டார்கள். மனிதர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பதிலிகள் தங்களுக்குள் ஓசையின்றிக் குசலம் விசாரித்துக்கொண்டன.

செவ்வாயன்று ஏழு பேர் வந்தார்கள். புதனன்று மூன்று பேர். வியாழக்கிழமை அண்ணாச்சி மட்டும் வந்து, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, காலி இடங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“டீச்சர், நம்ம ஆளுவ ஒருத்தனுக்கும் தெரியாத பாஷை வேற ஏதாச்சும் ஸ்டாக் இருக்கா?”

ஜெபக்கனி அலமாரியைத் திறந்து பார்த்தாள். யாரோ கப்பல்காரர் விட்டுப்போன புத்தகம் ஒன்று அடியில் கிடந்தது.

“பின்லாந்துப் பாஷைன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. ஆனா எனக்கே ஒரு எழுத்துத் தெரியாதே?”

அண்ணாச்சி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

“அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நீங்களும் இங்கன வந்து உக்காருங்க.”