ஹெலனின் டைமரில் ஒன்பது விநாடி

ஞாயிறு, பிற்பகல் 3.05.

மேடை மேசை மேலிருந்த சின்னத் திரையில் 9.18 என்ற எண் அசையாமல் நின்றது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் தொழிலாளர் மன்றக் கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை.

நிறங்களைக் கலைத்துக் கொடுத்த ரூபிக் கியூபை ஒன்பது விநாடியில் சேர்த்துவிட்டு எழுந்தவன் பென்னி. அந்த நேரத்தை அளந்த டைமரைச் செய்தவள் அவன் அக்கா ஹெலன். மடக்கி மூடும் பழைய வீடியோ கேம் கருவி ஒன்றில், மூன்று மாதம் தானே படித்து அவள் எழுதிய முதல் புரோகிராம் அது. கியூபை எப்படிக் கலைப்பது என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு வரிசை காட்டும். ஆடுகிறவர் கியூபைப் பார்த்துக்கொள்ளப் பதினைந்து விநாடி தரும். பிறகு நேரத்தை அளக்கும். அவ்வளவுதான்.

முதலில் வாய் திறந்தவன் அன்புசெல்வன். 12.66 எடுத்து அதுவரை முதலிடத்தில் இருந்தவன்.

"இருவது செகண்டுக்குக் கீழ வராதவன் ஒம்போதுல முடிக்கறான். அக்கா மிஷினு, தம்பி ஆட்டம். நாங்க இன்னா காதுல பூ வெச்சிக்கினா வந்துகிறோம்?"

கூடம் சிரித்தது. இரண்டாம் வரிசையில் இருந்த அவர்களுடைய அப்பா தானியேல் சிரிக்கவில்லை. இரும்பு உருட்டு ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, ஷிப்டு போர்மேனாக ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்துப் போட்ட பதிவேட்டை இன்னொருவர் சரிபார்த்ததில்லை. மகனுக்கு வார லீவு என்பதால் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். இப்போது முதுகில் வியர்வை இறங்கியது.

மன்றச் செயலாளர் பீட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாலு மணிக்கு மீதி ஆட்டத்த ஆரம்பிக்கணும்ணா. அதுக்குள்ள வெளக்கம் கெடைக்கலன்னா, டைமர்ல தில்லுமுல்லுன்னு போர்டுல எழுதி ஒட்டணும். எனக்கு வேற வழி இல்ல."

ஹெலன் வெளுத்துப்போனாள். தொழிற்சாலையில் அவள் வேலையே அளவு சரிபார்ப்பது. அளவுக் கருவியில் கை வைத்தவள் என்று பெயர் வந்தால், நாளைக் காலை அவள் போடும் கையெழுத்தை எவன் நம்புவான்?

தானியேல் எழுந்து மேடை ஏறினார்.

"நான் பாக்கறேன். தப்பு எங்க ஊட்டுல இருந்தா நானே மைக்ல சொல்றேன்."

"பெர்சு வக்கீலா, ஜட்ஜா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் திரும்பவில்லை.

3.14. பீட்டரின் கைப்பேசியையும் டைமரையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம், ஒரு நிமிடம்தான். பத்து விநாடி, பத்து விநாடிதான். மூன்று முறை பார்த்தும் கடிகாரத்தில் குற்றமில்லை. பென்னி உண்மையாகவே ஒன்பது விநாடியில்தான் முடித்திருக்கிறான். தானியேலுக்கு நிம்மதி வரவில்லை. இருபதுக்குக் கீழ் வராதவன் கை எப்படி இவ்வளவு வேகமானது?

"ஆட்டத் தாளைக் கொடு, பீட்டரு."

வரிசை எண், பெயர், கலைக்கும் எழுத்துகள், கியூபைப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரம், முடித்த நேரம். பீட்டரின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. ஒன்று முதல் பதினான்கு வரை டீக்கு முன்னால், முதல் சுற்று. டீக்குப் பின்னால் ஒரே ஓர் ஆட்டம், பென்னியுடையது. அதற்கு எதிரில் வரிசை எண் 1.

"பதினஞ்சுன்னு எழுத வேண்டிய எடத்துல ஒண்ணுன்னு எழுதிகிற."

"மிஷின் ஒண்ணுன்னுதான் காட்டிச்சிண்ணா. மீட்டர் காட்டறத எழுதணும், நம்ம நெனைக்கறத எழுதக்கூடாது. ஆலைல அதானே பழக்கம்?"

தானியேல் தலையை ஆட்டினார். எழுத்து வரிசைகளின் மேல் விரலை ஓட்டினார். அந்த எழுத்துகளுக்குப் பொருள் அவருக்குத் தெரியாது. ஆலையிலிருந்து போகும் கம்பிக் கட்டுகளின் எண்களை வருடக்கணக்கில் ஒப்பிட்ட விரல் அது. மேலிருந்து கீழ் வரை ஒருமுறை போயிற்று. மறுபடி மேலே வந்தது. அங்கேயே நின்றது.

3.25. "டீ நேரத்துல மிஷின் எங்க இருந்திச்சி?"

"மூடி மேசை மேல வெச்சிட்டுப் போனேன்."

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"நாலஞ்சு பேரு. நீ, ஹெலனு, பென்னி, அன்பு... யாருன்னு சொல்றது?"

"நான் வெளிய பஜ்ஜி துன்னுக்கினு இருந்தேன்," என்றான் அன்புசெல்வன். "கடைக்காரரக் கேளுங்க. எதுக்கு எங்கள இழுக்கறீங்க?"

"இழுக்கல தம்பி. கேக்கறேன். டீக்கு அப்புறம் மொதல் ஆட்டம் யாருது?"

"ரெண்டாவது சுத்துல மொதல்ல நான்தான். பென்னிக்குத் தோதா உட்டுக்குடுத்தேன். ஷிப்டுக்கு நேரமாச்சு, மொதல்ல போறேன்னு கேட்டான். பாவம்னு உட்டேன்."

தானியேல் தாளை மடிக்கவில்லை. மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார்.

3.36. மேடைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கிய சின்ன அறை. மகளும் அவரும் மட்டும்.

"ஊட்டுல இத எப்பிடி நிறுத்துவ?"

"மூடி வெச்சிடுவேன், நைனா. தூங்கும். தெறந்தா உட்ட எடத்துலருந்து ஓடும். ஆஃப் பண்ணா எடுத்த நேரமெல்லாம் அழிஞ்சிடும். சேமிச்சு வெக்க எழுத இன்னும் எனக்குத் தெரியல."

"போன மாசம் நேரமெல்லாம் காணாப் போவுதுன்னு கத்தினியே?"

"ஆமா. புரோகிராம்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"இந்த எழுத்துங்க உனக்குப் புரியுமா?"

"கியூபே எனக்குச் சேக்கத் தெரியாது. ஒரு வரிசை வருதான்னு மட்டும் பார்ப்பேன். என் கண்ணு கடிகாரத்து மேலதான்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

வரிசை எண் 1. கீழே எழுத்துகள். தானியேல் அவற்றைத் தாளோடு ஒப்பிட்டார்.

"மறுபடி."

அதே எழுத்துகள்.

"இன்னொரு தபா."

அதே எழுத்துகள்.

ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒவ்வொரு தபாவும் வேற எடத்துலருந்து ஆரம்பிக்கச் சொல்லி ஒரு வரி எழுதணும், நைனா. நான் எழுதல. ஆன் பண்ணும்போதெல்லாம் மொதல் வரிசை ஒண்ணேதான் வருது!"

அவர் தாளை அவள் பக்கம் திருப்பினார். அவளே மீதியை யோசித்து முடித்தாள். கண்கள் நிறைந்தன.

"நைனா... மிஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். அது பொய்யில்லையே? மறு ஆட்டம் வெப்பாங்க. பேஜாரு இல்லாம முடிஞ்சிடும். நான் அரகொறயா எழுதினேன்னு ஒத்துக்கறேன்."

தானியேல் கடிகாரத்தைப் பார்த்தார். 3.51. அரை உண்மை வாசலில் நின்று கூப்பிட்டது. மகளைச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். மகன் தப்பிப்பான். அவர் சட்டை மடிப்புக் கலையாமல் வீட்டுக்குப் போகலாம்.

"நீ தெரியாம ஒரு வரிய உட்ட. அது குத்தமில்ல. அடுத்தவன் குத்தத்தை உன் தலையில வெச்சி நான் ஊட்டுக்குப் போவ மாட்டேன்."

4.00. மைக் ஒருமுறை கிறீச்சிட்டது.

"கடிகாரம் சரி. எழுத்து வரிசையிலதான் கோளாறு," என்றார் தானியேல். ஹெலனிடம் கேட்டறிந்ததை எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். "மிஷினை அணைச்சி உசுப்பினா முதல் வரிசை எப்பவும் ஒண்ணே. முதல் சுத்துல முதல் ஆளுக்கு வந்த எழுத்துங்களும் டீக்கு அப்புறம் வந்த எழுத்துங்களும் ஒண்ணே. தாள்ல இருக்குது, வந்து பாருங்க. டீ நேரத்துல யாரோ மிஷினை அணைச்சிருக்காங்க. பீட்டரு எழுதின அந்த ஒண்ணு கைப்பிழை இல்ல. அதான் சாட்சி."

"யாருன்னு சொல்லு பெரியவரே," என்றான் அன்புசெல்வன். இப்போது குரலில் கிண்டல் இல்லை.

"எல்லாரும் கியூபைப் பார்க்கப் பன்னெண்டு, பதிமூணு, பதினஞ்சு செகண்டு எடுத்துகிறாங்க. ஒருத்தன் ரெண்டே செகண்டு. பார்க்கத் தேவையில்ல. எப்பிடிக் கலைச்சிருக்கும்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். அவங்க அக்கா மிஷினை அணைக்கறதே இல்ல. அவளுக்குத் தெரியாம எடுத்து ஆடினவன், தன்னோட நேரம் அதுல நிக்கக்கூடாதுன்னு ஒவ்வொரு தபாவும் அணைச்சி வெச்சான். அதனால ஒரே வரிசை திரும்பத் திரும்ப வர்றதை அவன் ஒருத்தன்தான் பார்த்தான். அதை மனப்பாடம் பண்ணான். இன்னிக்கி ஷிப்டுன்னு சொல்லி முதல் எடத்தைக் கேட்டு வாங்கினான்."

மைக்கைக் கிட்டே இழுத்தார். 

"இன்னிக்கி அவனுக்கு வார லீவு. அது எனக்குத் தெரியும். நான் அவன் அப்பன். என் பையன் பென்னிதான்."

 பென்னி சுவரோரம் நின்றிருந்தான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"ஒரு தபாவாவது ஜெயிக்கணும்னு..." என்றான் கடைசியில். "அக்கா மேல பழி வரும்னு நெனைக்கல, நைனா."

"வந்தப்ப வாயத் தெறந்தியா?"

அவன் தலை குனிந்தான்.

பீட்டர் தாளை எடுத்து 9.18-ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். டைமரை ஹெலனிடம் நீட்டினார். "முதல் பதினாலு வரிசையத் தள்ளிட்டு, அணைக்காம வெச்சா புதுசு புதுசா வருமில்ல? மீதி ஆட்டத்துக்கு நீயே உக்காந்து பாத்துக்கோ, ஹெலன்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

பென்னி தானியேலின் சட்டைக் கையைத் தொட்டான். "போயிடலாம், நைனா. எல்லாரும் பாக்கறாங்க."

"எங்க போறது? ஆட்டம் முடியல."

மேடையிலிருந்து இறங்கினார். முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. ஒன்றில் உட்கார்ந்தார், முதுகு சாயாமல். பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டினார்.

மொத்தக் கூடமும் பார்க்க, பென்னி வந்து உட்கார்ந்தான்.