மூன்றடுக்கு ஜெல்லி

'செத்தும் கடைசி வார்த்தை உன்னோடதாத்தான் இருக்கணுமா, இமோஜீன்?'

வெர்னெல் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சமையலறைத் தரையில் கிடந்த அக்காவிடம் இனி எதைச் சொல்லி என்ன!

அடுப்பின் இரும்பு முனையில் காய்ந்த ரத்தம். தலைமாட்டில் சுக்குநூறாக உடைந்த முட்டைத் தட்டு... அவித்த முட்டைகளை அடுக்க ஓரமெல்லாம் குழி வைத்த, அம்மாவின் பழைய பீங்கான் தட்டு. அது யாருக்கு என்ற சண்டையில்தான் இரண்டு சகோதரிகளும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள்.

தட்டின் துண்டுகளுக்கு அடியில் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. தட்டைப் பாதி சுற்றிய நிலையில்.

அதைப் பார்த்த கணத்தில்தான் வெர்னெல்லுக்குள் ஏதோ எரியத் தொடங்கியது.

எனக்காகத்தானே சுற்றிக்கொண்டிருந்தாய்...

அது காலை ஒன்பது மணிக்கு.

இப்போது பத்து. உடலை எடுத்துப் போய்விட்டார்கள். சமையலறை வாசலில் மஞ்சள் நாடா. சாப்பாட்டு அறை மேசையிலோ, விருந்து!

ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊரில், டாகெட் க்ராஸிங்கில், ஒருவர் செத்தால் ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே முதல் பாத்திரம் வந்துவிடும். பொரித்த கோழி, பன்றி ஹாம், நான்கு உருளைக்கிழங்கு சாலட். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர். கழுவித் திருப்பித் தர வேண்டுமே!

இருபது வருடமாக சர்ச் சமையற்கட்டு வெர்னெல்லின் ராஜ்ஜியம். செத்தது சொந்த அக்கா என்பதற்காக, எழவு வீட்டுப் பாத்திரங்களைக் கவனிக்கும் வேலையை வேறொருத்தியிடம் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

மேசை முனையில் ஷெரீஃப் டாயல், கோழிக்கால் ஒன்றைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ் வெர்னெல். நேத்து ராத்திரி எட்டு மணி வாக்குல செத்திருக்கணும்ங்கறார் டாக்டர். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்ல. தனியா. உன்னைத் திட்டிக்கிட்டு."

"என்னையா! எதுக்கு?"

"பக்கத்து வீட்டு நாய் குரைக்குதுன்னு மூணு தடவ புகார் குடுத்தேன். வந்தியா?"

"அதை விடுங்க... தட்டுச் சண்டை ஊருக்கே தெரியும். பொணத்தை மொதல்ல பார்த்ததும் நீங்கதான். நான் என்ன முடிவுக்கு வர்றது?"

"ஏழு மணிக்கு அவளே போன் பண்ணா, டாயல். ரெண்டு வருஷத்துல மொத தடவ! 'காலைல வந்து தட்டை எடுத்துட்டுப் போடி, ஒரு விஷயம் சொல்றேன், விழுந்து விழுந்து சிரிப்பே'ன்னா."

"என்ன விஷயம்?"

"அதைச் சொல்லத்தான் அவளுக்கு உயிர் இல்லையே!"

"இதை எந்த ஜட்ஜு நம்புவாரு? கோழியை முடிச்சதும் ஸ்டேஷனுக்குக் கிளம்பணும்."

"இன்னொரு துண்டு வச்சுக்க. மூளைக்கு நல்லது."

கதவு திறந்தது. காபிக் கோப்பையோடு ஓபல்!

டாயலின் அம்மா. கழுத்தில் முத்து மாலை. மாவட்டத் திருவிழாவில் பீச் ஜாமுக்குப் பதினோரு வருடமாக முதல் பரிசு நீல ரிப்பனை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"குடி கண்ணு. குடிச்சிட்டு எல்லாத்தையும் டாயல்கிட்ட சொல்லிடு. கர்த்தர் மன்னிப்பார்."

வெர்னெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் கத்தியைச் செருகுவதற்கு முன்பு அதில் தேன் தடவிவிடுவார்கள்!

"நீ என்ன கொண்டுவந்தே ஓபல்?"

"அதோ... அலுமினியத் தாள் மூடியிருக்கே."

வெர்னெல் தாளை உரித்தாள்.

ஜெல்லி! அடியில் பச்சை. நடுவில் வெள்ளை. மேலே செர்ரிச் சிவப்பு. மூன்று அடுக்கும் நூல் பிடித்தாற்போல் நேராக.

ஒரு துண்டு வெட்டினாள். ஓரம் துளிகூடச் சரியாமல் நின்றது. டாயலின் தட்டில் வைத்தாள்.

ஆசையாக ஸ்பூனை எடுத்தான் டாயல்.

எடுத்த கை... பாதியிலேயே நின்றது.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். வெளியே முன்னறையில் பேசிக்கொண்டிருந்த பெண்களின் குரல் அடங்கியது.

வெர்னெல் அவனையே பார்த்தாள். இந்த ஜெல்லிக்காக ஃப்ரிட்ஜ் முன்னால் காத்துக் கிடந்தே வளர்ந்தவன் இவன். 'இன்னும் உறையலையாம்மா?' என்று அழுதபடி...

அவளுக்கும் புரிந்தது.

"ஓபல்... இது ஞாயித்துக்கிழமைக்குன்னு செஞ்சு வச்ச பழசா?"

"பழசா!" ஓபல் சீறினாள். "எழவு வீட்டுக்கு நான் பழசு கொண்டு வருவேனா? வந்ததும் எல்லார்கிட்டயும் சொன்னேனே! ஒம்பது மணிக்கு டாயல் போன் பண்ணான். கேட்ட நிமிஷம் அடுப்புல தண்ணி வச்சேன். ஒம்பதே முக்காலுக்கு இங்க இருந்தேன்!"

"அம்மா... பேசாத!" டாயல் கிட்டத்தட்டக் கத்தினான்.

"ஏன் பேசக் கூடாது?"

"ஏன்னா," என்றாள் வெர்னெல், "ஒரு அடுக்கு உறைஞ்சாத்தான் அடுத்ததை ஊத்த முடியும். அடுக்குக்கு ரெண்டு மணி நேரம். ஆறு மணி நேர வேலையை முக்கால் மணியில எப்படி முடிச்சே?"

ஓபல் காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நேத்தே செஞ்சிருக்கே. இமோஜீன் செத்தது கொன்னவளைத் தவிர யாருக்கும் தெரியாதப்போ!"

"கை சும்மா இருக்கல வெர்னெல்!" ஓபல் உடைந்தாள். "யாராவது செத்தா உடனே ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போகணும்னுதானே எங்கம்மா வளர்த்தாங்க!"

"ஏன் கொன்னே?"

"என் குப்பைத் தொட்டியைப் பார்த்துட்டா! கடை ஜாம் பாட்டில்... ஒம்பது! 'இதுதான் உன் ரிப்பன் ரகசியமா'ன்னு போன்ல கேட்டுச் சிரிச்சா. ஓடி வந்து கெஞ்சினேன். மறுபடியும் சிரிச்சா! ஒரே ஒரு தடவைதான் தள்ளினேன்..."

ஒரு ரிப்பனுக்கு!

ஒரு முழ நீலத் துணிக்காக...

இதுதான் அந்த விழுந்து விழுந்து சிரிக்கும் விஷயம். இமோஜீன் ஊருக்குச் சொல்லக் காத்திருக்கவில்லை. தங்கையோடு சிரிக்க ஒரு காரணம் தேடியிருக்கிறாள். அதற்குத்தான் போன். அதற்குத்தான் தட்டு.

ரெண்டு வருஷம் இமோஜீன்... நானும் ஒரு தடவை போனை எடுத்திருக்கலாமே!

டாயல் அவள் பக்கத்தில் வந்து நின்றான். குரல் கரகரத்தது.

"மிஸ் வெர்னெல்... அந்தப் பாத்திரத்தைக் கழுவிக் குடுத்துடுங்க. கால் வழுக்கி விழுந்தாங்கன்னு எழுதிடறேன். உங்க மேலயும் கேஸ் வராது. எங்கம்மாவுக்கு எழுபது வயசு..."

"இமோஜீனுக்கு அறுபத்தி நாலு."

"கெஞ்சிக் கேக்கறேன். எப்பவும் கழுவித்தானே திருப்பிக் குடுப்பீங்க?"

வெர்னெல் ஜெல்லிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் டேப். அழகான கையெழுத்தில், 'ஓபல்'.

குரலை உயர்த்தவில்லை.

"இதை மட்டும் கழுவ மாட்டேன் டாயல்."

பாத்திரத்தோடு போய்க் கதவைத் திறந்தாள்.

முன்னறையில் பதினோரு பெண்கள். பதினோரு பேரும் ஜெல்லியைப் பார்த்தார்கள். மூன்று அடுக்குகளையும் எண்ணினார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

வெர்னெல் திரும்பினாள்.

"கவலைப்படாதே ஓபல்... இதாவது கடையில வாங்கினது இல்லைன்னு கோர்ட்ல நானே வந்து சாட்சி சொல்றேன்!"