ஆர்விட்டின் கோட்டு

"கோட்ட நமக்குக் குடுத்துட்டா அவருக்குக் குளிராதாம்மா?"

அறுபத்தைந்தாம் வருஷ ஏப்ரல் வெள்ளத்தில், படகில் இருந்தபடி ஏழு வயது லோர்னா கேட்டாள். அவளைத் தன் கம்பளிக் கோட்டில் சுற்றி ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டு ஆர்விட், அவள் அம்மா வெர்னாவின் நிலவறையில் ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தத் திரும்பிப் போயிருந்தார். மிசிசிப்பி ஆறு ஏறினால் நிலவறையை நல்ல தண்ணீரால் நாமே நிரப்பிவிட வேண்டும். உள்ளே கனம் இல்லாவிட்டால் வெளியே நிற்கும் ஆறு சுவரைத் தள்ளிவிடும். கீழ்த் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். சாமான் நனையுமே என்று வெர்னாதான் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள். சுவர் விழுந்தது. ஆர்விட் கிடைக்கவில்லை. கோட்டைத் திருப்பிக் கொடுக்க அவருக்கென்று யாரும் இல்லை.

இருபத்தெட்டு வருஷம் கழித்து மறுபடி வெள்ளம். ஜூலைப் புழுக்கம். நான்கு நாள் மணல் மூட்டை அடுக்கிய கைகளோடு, சுவரைத் திரும்பக் கட்டிய அதே நிலவறைக்குள் தோட்டக் குழாயை விட்டுவிட்டு, மேல்படியில் உட்கார்ந்திருந்தாள் வெர்னா. எழத் தெம்பில்லை. வாசலில் லோர்னா வண்டியில் காத்திருந்தாள்.

"ஆத்துக்கு முந்தி நீயே வீட்ட முக்கிட்ட. இன்னும் என்னம்மா, அதுல குளிச்சிட்டுத்தான் வருவியா?"

"அஞ்சு நிமிஷம்டி."

குழாய் நீர் விழும் சத்தத்துக்கு அடியில், முழங்கால் தண்ணீரில் ஒருவர் சோர்ந்து கால் இழுத்து நடப்பது போல இன்னொரு சத்தம், சுவரோரம் போய், நின்று, படிப் பக்கம் திரும்பியது. விடுவது குடிக்கிற தண்ணீர். வந்ததோ ஆற்றுச் சேற்று வாடை. அவள் மூச்சு பனிக்காலம் போலப் புகைந்தது. ஜூலையில்.

தண்ணீர் மூன்றாம் படியைத் தொடவில்லை. மூன்றாம் படியில் ஈரத் தடம்.

பிறகு நான்காவதில்.

ஓடியிருக்கலாம். மகள் அன்று படகில் கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷமும் ஜெபத்தில்தான் பதில் சொல்லியிருந்தாள். பீரோவைத் திறந்து, பூச்சியுருண்டை மணக்கும் கோட்டை எடுத்துவந்து, கைப்பிடிக் கம்பியில் விரித்துப் போட்டாள்.

"ரொம்ப நாளாயிடுச்சு ஆர்விட். போட்டுக்கங்க."

கோட்டு எழுந்தது. ஒரு கை நிறைந்தது. மறு கை. கீழிருந்து பொத்தான்கள் ஒவ்வொன்றாக, விறைத்த விரல்கள் தடுமாறுவது போல, மெல்ல.

மேல் பொத்தான் இல்லை. அன்றே படகில் லோர்னா பிய்த்துவிட்டாள். காலியான காலர் நடுங்கியது.

வாசலில் ஹாரன்.

வெர்னா குனிந்து காலரை இழுத்து மூடினாள். அவள் விரல்களில் பட்டது, சில்லிட்ட, ஈரமான கழுத்து.