சிரிப்புக்கு விட்ட இடம்

மனித குலத்தில் பயம் என்று ஒன்று கிடையாது. வாயை மூடத் தெரியாதவர்கள் தங்கள் குறைக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. இதைச் சொன்னவன் ஒரு பல் டாக்டர். நாற்காலியில் சாய்த்ததும் வீட்டு விலாசம் முதல் மாமியார் சண்டை வரை மூச்சுவிடாமல் கொட்டும் நோயாளிகளைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். வரவேற்பு மேசை அக்காவிடம் அவர்களைப் போலவே பேசியும் காட்டுவான்.

அன்று நல்ல மழை. வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி உள்ளே வந்தவள் லிஃப்ட் மெக்கானிக். சட்டையில் கிரீஸ். நனைந்த இமைகளுக்குள் பெரிய கண்கள்... எங்கேயோ பார்த்த கண்கள்...

"பத்து மாடி உயரத்துல தொங்கிக்கிட்டு வேலை பார்ப்பேன் டாக்டர். ஊசின்னாதான் கீழ விழுந்துடுவேன்."

சொல்லிவிட்டு முகவாயைச் சற்றே தூக்கி நிறுத்தினாள். எதற்கோ காத்திருந்தாள். அவனும் தன்னையறியாமல் காத்திருந்தான்.

அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. சின்ன வயதில் அவன் நடித்த, நாடே பார்த்துச் சிரித்த குடும்பக் காமெடித் தொடரில் சிரிப்பொலியைப் பிறகுதான் சேர்ப்பார்கள். ஜோக் சொன்னதும் சிரிப்புக்கு இடம் விட்டு நிற்கவேண்டும் என்று பிள்ளைகளை அடித்துப் பழக்கியிருந்தார் இயக்குநர்.

"வாலு...?"

"அண்ணா...?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன்பின் வாக்கியத்துக்கு ஒரு 'டாக்டர்' போட்டாள்.

தொடரின் மூத்த பையன் இவன். அடுத்தவள், தங்கை 'வாலு', அவள். மழலை பேசிய கடைக்குட்டி இப்போது ஜிம் நடத்துகிறான். எடை தூக்க வருகிறவர்கள் மழலை பேசச் சொல்லிக் கேட்பதால் யாரிடமும் வாயே திறப்பதில்லை.

வேர் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. காதலுக்கு அது வசதி. அவள் வரும்போதெல்லாம் மழையும் வந்தது; அதுவும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். ஒருநாள் எதிர்க் கடையில் டீ குடித்தார்கள். யாரோ ஓர் அம்மா இருவர் கன்னத்தையும் தடவி, அண்ணனும் தங்கச்சியும் இன்னும் இவ்வளவு ஒற்றுமையா என்று உருகினார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இருவரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். மறு ஒளிபரப்பு தினமும் மத்தியானம் ஓடுகிறது. அவன் அம்மாவே தவறாமல் பார்க்கிறாள். இதைப் போய் யாரிடம் சொல்வது?

பல்லுக்கு உறை மாட்டும் நாள் வந்தது. இனி அவள் வருவதற்குக் காரணமே இல்லை.

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொன்னான். சொன்ன கையோடு, பாழாய்ப்போன பழக்கம், முகவாயைத் தூக்கி நின்றுவிட்டான்.

அவள் கண்கள் மெல்ல நிறைந்தன.

"சிரிக்கிறதுக்கு இடம் விடறீங்க," என்றாள். "இதை நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன். சொல்லாமலே விட்டுடுவீங்களோன்னு அதைவிடப் பயந்தேன். உங்களுக்கு இது காமெடி. வரேன் டாக்டர்."

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் பின்னால் ஓடினான். வரவேற்பறை நிறைய ஆட்கள். யாரோ அடையாளம் கண்டு, அந்த அண்ணன் தங்கச்சிதானே என்றார்கள். எல்லாக் கண்களும் அவன் மேல். நடுவில் ஒரு நொடி நின்றாலும் அது மறுபடி ஜோக்காகிவிடும்...

"போகாத அது ஜோக் இல்ல பழக்கதோஷம் நான் உன் அண்ணன் இல்ல எங்கப்பா வேற உங்கப்பா வேற இவங்ககிட்ட வேணா கேளு இவங்களுக்கும் தெரியாது எங்கம்மாவுக்கும் தெரியாது தெரிஞ்சா அழுவாங்க அழட்டும் நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கிறேன் நீ அந்தரத்துல தொங்கறப்ப எல்லாம் இங்க என் கை நடுங்குது நேத்து நல்ல பல்லைத் தட்டிப் பார்த்துட்டு..."

மேசை அக்காவின் பேனா நின்றது. வாசல்வரை போனவள் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

அவன் தன் வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.